காஸ் என்று சொன்னவர்கள்

எனக்கு பிரஷர் இருப்பதை முதலில் கண்டுபிடித்தது வைத்தியர் அல்ல, எங்கள் துணிக்கடை முதலாளியின் மகன். அவருக்கு யாரோ ஒரு பிரஷர் மெஷினை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்கள். கண்டி டவுனில் மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பகலில், கடைக்குள் ஒரு ஆள் கூட வராத நேரத்தில், வேலை செய்யும் ஆறு பேரையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவர் கையிலும் பட்டியைச் சுற்றிப் பார்த்தார். என் முறை வந்ததும், தையல்காரரிடம் அளவு கொடுப்பது போலக் கையை நீட்டி, "கை கொஞ்சம் லூசா வைங்க மொதலாளி, கல்யாண வீட்டுக்குப் போடணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மெஷின் ஒரு எண்ணைக் காட்டியது. அவர் முகம் மாறியது. பற்றரியை மாற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பட்டியைத் தன் கையிலேயே சுற்றிப் பார்த்தார். மெஷினில் ஒரு பிழையும் இல்லை.

"நீங்க இன்னைக்கு வேலை செய்யவேணாம். உக்காருங்க" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

இருபத்தேழு வருடமாக அந்தக் கடையில் நின்றுகொண்டே துணி கிழித்தவன் நான். எனக்கு அங்கே கிடைத்த முதல் கதிரை அது. அதில் உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது.

மறுநாள் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். என் பெயரில் ஒரு நோட்டுக் கொப்பி போட்டு, பார்த்து, சின்னக் கடதாசிக் கவரில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நான் தக்காளி வாங்கப் போனாலும் முதல் கடையில் விலை கேட்டுவிட்டு இரண்டாவது கடைக்குப் போகிற ஆள். அடுத்த நாள் வேலை முடிந்து, கிளினிக் கொப்பியைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, ஒரு தனியார் வைத்தியரிடம் போனேன். எண் கொஞ்சம் குறைவாக வரும் என்று ஒரு நப்பாசை. அவருடைய அறை மூன்றாம் மாடியில் இருந்தது. ஏறிப் போன வேகத்தில் எண் இன்னும் கூடித்தான் வந்தது. அவரும் ஒரு மாத்திரை எழுதினார். இது பளபளப்பான தகட்டில் வந்தது, இளம் ரோஸ் நிறம்.

இரண்டு வைத்தியரில் யாரையும் பகைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வெள்ளையைக் காலையில் மனைவி கண் முன்னால் விழுங்கினேன். ரோஸைப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில், புடைவைக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று விழுங்கினேன். இரண்டாவது வைத்தியரைப் பற்றி மனைவிக்குச் சொல்லவில்லை. சொன்னால், "முதலாவது டொக்டர் என்ன, தக்காளியா?" என்று கேட்பாள். இப்படிப்பட்ட கேள்விகளை அவள் என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் பின்னேரம் படியில் அது வந்தது.

எங்கள் வீடு டவுனுக்குப் பின்னால் உள்ள மலைச்சரிவில் இருக்கிறது. பிரதான வீதியில் இறங்கி நூற்று நாற்பது படி ஏற வேண்டும். நூற்று நாற்பதையும் ஒரே மூச்சில் ஏறி, மேலே நின்று கீழே வருகிறவர்களைக் கிண்டல் பண்ணுவது என் பழக்கம். அன்றைக்கு அறுபதாவது படியில், தண்ணீர்க் குழாயடியில், நெஞ்சின் நடுவே யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல இருந்தது. சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கும் மூன்றாவது பொத்தானுக்கும் நடுவில். வலி என்று சொல்ல முடியாது. வலியாக இருந்தால் ஐயோ என்று கத்தியிருப்பேன். இது வாயைத் திறக்க விடாத ஒன்று. முகம் சுட்டது. நெஞ்சு காதுக்குள் அடித்தது. குழாயடிக் கட்டில் உட்கார்ந்து, செருப்பில் கல் புகுந்துவிட்டது போல செருப்பைக் கழற்றித் தட்டினேன். மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ. அது மெல்லக் கையை எடுத்துக்கொண்டது.

காஸ், வயிற்று வாயுதான், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சொன்ன உடனேயே அந்தச் சொல் எங்கேயோ எழுதப்பட்டிருந்தது ஞாபகம் வந்தது. எங்கே என்பதும், யாருடைய கையெழுத்து என்பதும் தெரியும். என்னுடையது.

எங்கள் மலைச்சரிவில் ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. அதன் செயலாளர் நான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் படியடியில் உள்ள சங்க அறையைத் திறந்து கதிரை, கூடாரம், தேத்தண்ணீர் அண்டா எல்லாம் மேலே கொண்டுபோவோம். வீதிவரைக்கும் வெள்ளைக்கொடி கட்டுவோம். அறைச் சாவியும் மரணக் கொப்பியும் செயலாளர் பொறுப்பு. எனக்கு முன்னால் இருந்தவர் கொப்பியில் பெயர், வீடு, திகதி மட்டும் எழுதினார். நான் வந்த பிறகு "எப்படி நடந்தது" என்று ஒரு பகுதி கூட்டினேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. செத்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி அதுதான். எப்படி நடந்தது? அழுதுகொண்டிருக்கிற பெண்டாட்டியோ மகளோ அதை முதலில் இருந்து கடைசிவரை நூறு தரம் சொல்ல வேண்டும். பார்க்கப் பொறுக்காமல், ஒரு முறை நான் கேட்டு எழுதிக்கொண்டு, வாசலில் நின்று வருகிறவர்களுக்கு நானே சொல்ல ஆரம்பித்தேன். வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. எனக்கும் சொல்லத் தெரியும் என்று ஊரில் பெயர் வந்தது. சில இடங்களில் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்ததும் உண்டு. ஓய்வுபெற்ற தபால்காரரின் கதையில் அவர் கடைசியாக விட்ட ஏப்பத்தைச் சத்தத்தோடு விட்டுக் காட்டுவேன். செத்த வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய், முகம் கழுவாமல், அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தேன். வேறொருவருக்கு இப்படி வந்தால் வைத்தியரிடம் போவார். எனக்கு வைத்தியப் புத்தகம் வீட்டிலேயே இருந்தது.

"கீழ் வரிசை, பேக்கரியில் வேலை செய்தவர். மத்தியானம் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். காஸ் என்று சொன்னார். இஞ்சி போட்டு பிளேன்டீ குடித்துவிட்டுப் படுத்தார்."

"குழாயடி வீட்டு அக்கா. கோயிலுக்குப் போகச் சேலை கட்டும்போது நெஞ்சும் முதுகும் பிடித்தது. காஸ் என்று சொன்னார். ஓமத் தண்ணீர் குடித்தார்."

"தபால்காரர். படி ஏறும்போது அழுத்தியது. காஸ் என்று சொன்னார். சோடா குடித்தார். ஏப்பம் வந்தது. இப்ப பரவாயில்லை என்றார்."

பக்கம் பக்கமாகப் போனேன். நெஞ்சில் தொடங்கியவர்கள் பதினொரு பேர். பதினொரு பேரும் போய்விட்டார்கள். பதினொன்றுக்குப் பதினொன்று. துணி அளக்கிற நான் ஒரு அங்குலம் பிசகாமல் கணக்குப் பார்ப்பேன். இந்தக் கணக்கில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. நெஞ்சில் அழுத்தினால் ஆள் முடிந்தான். பிறகு எதற்கு ஆஸ்பத்திரி? இதயம் என்றால் போயும் பிரயோசனமில்லை. காஸ் என்றால் போகவே தேவையில்லை. இப்படி இரண்டு பக்கமும் கதவைப் பூட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். பயந்த மனுசனுக்கு எவ்வளவு நன்றாகப் புத்தி வேலை செய்கிறது என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

"என்னங்க, வந்ததும் வராததுமா அந்தக் கொப்பி? யாராவது போயிட்டாங்களா?" என்று குசினி அடுப்படியில் இருந்து மனைவி கேட்டாள்.

"இல்ல. சும்மா."

"சும்மா பாக்குற கொப்பியா அது?"

அடுத்த நாளும் அறுபதாவது படியில் வந்தது. அதற்கடுத்த நாள் நாற்பதிலேயே வந்தது. அது நாளுக்கு நாள் கீழே இறங்கி என்னைத் தேடி வருவது போல இருந்தது. இருபது படிக்கொரு தரம் நின்று, அக்கம்பக்கத்து வீட்டுப் பூச்சாடிகளைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். "என்ன, திடீர்னு பூவுல ஆசை?" என்று ஒருத்தி கேட்டாள். வழக்கமாக இந்த மாதிரி ஒரு வாய்ப்பை நான் விடமாட்டேன். அன்றைக்குச் சும்மா சிரித்து வைத்தேன். கடையில் ஒரு கல்யாண வீட்டுக்காரருக்கு வெள்ளைத் துணி கிழிக்கும்போது, கத்தரி ஓடிய சத்தம் கேட்டு உள்ளங்கை வேர்த்தது. எங்கள் சங்கத்துக் கொடித் துணியும் இதே ரகம்தான்.

மாத்திரையை மட்டும் விடவில்லை. காலையில் வெள்ளை, பகலில் ரோஸ். அவை இரண்டும் சேர்ந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே இரண்டு வேலை செய்தேன். ஒன்று, மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேரம் கொப்பியை எடுத்து, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். "செயலாளர். படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தியது. காஸ் என்று சொன்னார்." எனக்குப் பிறகு வருகிறவரின் கையெழுத்தை எனக்குத் தெரியும், கோழி கிண்டின மாதிரி. விஷயத்தையும் தலைகீழாக எழுதிவிடுவார். என் கதையை வேறொருவர் வாசலில் நின்று கெடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மீதியை அவர்கள் நிரப்பிக்கொள்ளட்டும் என்று இடம் விட்டேன். எழுதி முடித்ததும் கொப்பியை மேசையிலேயே விட்டுவிட்டேன்.

மற்ற வேலை, சாவி. செயலாளர் போனால் சங்க அறையை யார் திறப்பது? செயலாளரின் பிணத்துக்கே கதிரை இல்லாமல் சனம் நிற்கும். ஆகவே மெல்லப் படி இறங்கி, படியடியில் இருந்து மூன்றாவது வீட்டில் இருக்கும் சங்கத் தலைவரிடம் போனேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வேலைக்கு வந்து, கண்டியிலேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற கணக்காளர். பத்திரிகையை மடித்துவிட்டு என்னையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் தம்பி திறப்பைத் தாறீர்?" சாவியை அவர் திறப்பு என்றுதான் சொல்லுவார்.

"ஒரு பேச்சுக்கு ஐயா. நான் இல்லாத நேரம் யாருக்காவது ஏதும்னா…"

"எங்க போறீர்?"

"எங்கயும் போகல."

"எங்கயும் போகாத ஆள் ஏன் திறப்பைக் கைமாத்த வேணும்?"

நான் சாவியை விரலில் சுற்றினேன்.

"முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு."

"படி வந்தேன்ல ஐயா."

"ஏறினால் வேர்க்கும். இறங்கினாலுமோ?"

சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்ப ஏறும்போது இருபதாவது படியிலேயே அந்த உள்ளங்கை காத்துக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தபோது மனைவி நின்றாள். ஒரு கையில் போன். மறு கையில் கொப்பி. விரல் முழுக்கத் தேங்காய்ப்பூ. நான் படியில் நின்ற நேரத்துக்குள் தலைவர் மேலே பேசி முடித்திருந்தார்.

"இது என்னங்க?" என்று கடைசிப் பக்கத்தைக் காட்டினாள்.

"சும்மா ஒரு பகிடிக்கு…"

"எத்தனை நாளா?"

"நாலு."

"நாலு நாளா காஸா? நாலு நாளா ஒங்களுக்கு காஸு போகுதா வருதா, அதையாவது சொன்னீங்களா?" குரல் உடைந்தது. அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்.

வேறு வழி தெரியாமல் என் கணக்கை எடுத்து வைத்தேன். கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். "பாரு. நெஞ்சுல வந்தவங்க பதினோரு பேரு. பதினோரு பேரும் போயிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி என்ன செய்யிறது?"

அவள் கொப்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது செத்தவங்க கொப்பி."

"அதத்தான் சொல்றேன்."

"செத்தவங்க கொப்பியில செத்தவங்கதான இருப்பாங்க! ஆஸ்பத்திரிக்குப் போயி உசுரோட திரும்பி வந்தவங்கள எந்தக் கொப்பியில எழுதி வச்சிருக்கீங்க?" தேங்காய்ப்பூ ஒட்டிய விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். "கீழ் வீட்டு மேசன். நெஞ்சப் புடிச்சிக்கிட்டுப் போனாரு, பத்து நாள்ல வந்தாரு. கோயில்ல மேளம் அடிக்கிறவரு. த்ரீவீல் ஓட்டுற நானா. மேல் வீட்டு டீச்சர் அம்மா. இவங்கள்ளாம் யாரு? ஒங்க சங்கத்துக்குக் கதிரை தூக்குறதே அந்த மேசன்தான?"

மேசன்தான். ஒரு தோளில் ஆறு கதிரை தூக்குவார். நான் அவரை ஒரு நாளும் கணக்கில் சேர்க்கவில்லை. அவருடைய கதை வாசலில் நின்று சொல்கிற கதை இல்லை.

உயிர் வந்த மாதிரி ஒரு சிரிப்பு எனக்குள் கிளம்பியது. அவள் அதை முழுசாக வர விடவில்லை.

"இப்ப நீங்க சொல்லுங்க. இந்தப் பதினோரு பேருல ஆஸ்பத்திரிக்குப் போனவங்க எத்தனை பேரு?"

கொப்பியைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. எல்லாம் மனப்பாடம். இரண்டு பேர். அதில் ஒருவர் வழியிலேயே. மற்ற ஒன்பது பேருக்கும் எதிரில் என் அழகான கையெழுத்தில் ஒரே வரி. காஸ் என்று சொன்னார். காஸ் என்று சொன்னார். பத்தாவதாகப் பென்சிலில் என்னுடையது.

சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. இத்தனை நாளும் பயந்தது ஒரு பயமே இல்லை, இதுதான் பயம் என்று அப்போது தெரிந்தது.

"சட்டையப் போடுங்க" என்றாள்.

நூற்று நாற்பது படியும் இறங்க நாங்கள் எவ்வளவு நேரம் எடுத்தோமோ தெரியாது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். கல்யாணமான காலத்தில் கூடப் படியில் வைத்து இப்படிப் பிடித்ததில்லை, ஊர் பார்க்கும் என்று. அன்றைக்கும் ஊர் பார்த்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. என்னைப் பார்த்து இந்த ஊர் வாயை மூடியதாகச் சரித்திரமே இல்லை.

கீழே தலைவர் குடையோடு நின்றார். பக்கத்தில் த்ரீவீல்.

"ஓம் ஓம், நான் அப்பவே கூப்பிட்டிட்டன். ஏறும்." ஏறி உட்கார்ந்ததும், குனிந்து சாவியை என் சட்டைப் பைக்குள் போட்டார். "இதை நான் வச்சிருக்கமாட்டன். வந்து நீரே திறவும்."

அந்தச் சாவி நெஞ்சின் மேல் கிடந்தது. பெரிய பூட்டுச் சாவி, நல்ல பாரம்.

ஓட்டுகிற நானா அலவத்துகொடப் பக்கத்து ஆள்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். மனைவி விரல் மடக்கிய பட்டியலில் மூன்றாவது. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "அண்ணன், பயப்பட வாணாம். எனக்குள்ள ரெண்டு ஸ்டென்ட் போட்டிரிக்கி. பாருங்க, நான் இன்னும் ஹோர்ன் அடிக்கிறன்" என்று வேண்டுமென்றே ஒரு நீளமான ஹோர்ன் அடித்தார். முன்னால் போன பஸ் அசையவில்லை. ஏரியைச் சுற்றி வாகனங்கள் ஒன்றன் பின்னால் ஒன்று நின்றுகொண்டிருந்தன.

அங்கேதான் அது மறுபடியும் வந்தது. படி இல்லை, ஏற்றம் இல்லை. உட்கார்ந்த இடத்தில். இரண்டாவது பொத்தானுக்கும் மூன்றாவது பொத்தானுக்கும் நடுவில். இந்த முறை அது கையை எடுக்கவில்லை. நெஞ்சு தடதடவென்று அடித்தது. ஏரித் தண்ணீர் வெயிலில் மினுங்கியது, கண்ணைக் கூசவைத்தது. மனைவியின் மடியில் இருந்த வெள்ளை மாத்திரைக் கடதாசிக் கவர் அவள் கைக்குள் கசங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். என்னிடம் ஒன்றுமே இல்லை. மனதுக்குள் ஒரு குரல் மட்டும் ஓடியது: "ஏரி வீதியில் டிராஃபிக்கில் நின்றபோது மறுபடி வந்தது. நானா ஹோர்ன் அடித்தார்." யாருடைய குரல் என்று கொஞ்சம் பிந்தித்தான் புரிந்தது. வாசலில் நின்று நான் சொல்கிற குரல். என் கதையை நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வருதா?" என்று மனைவி கேட்டாள்.

"ம்."

"காஸா?"

"இல்ல" என்றேன். நாலு நாளில் நான் சொன்ன முதல் உண்மை.

நானா கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி அதைக் கேட்டார். எதிர்ப்பக்கத்து வாகனங்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டு, பஸ்ஸைச் சுற்றி எங்கேயோ நுழைந்து, எங்கேயோ வெளியே வந்தார். ஆஸ்பத்திரி வாசல் வந்தது.

உள்ளே யாரும் என்னிடம் கதை கேட்கவில்லை. படுக்க வைத்தார்கள், சட்டையைத் திறந்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். தாதி சாவியை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். ஈசிஜி கடதாசி மெஷினில் இருந்து நாக்கு நீட்டுவது போல வெளியே வந்தது. அதை நான் மல்லாந்து கிடந்தபடி தலைகீழாகப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் கோடு நேராக இல்லை என்பது மட்டும் ஆறுதலாக இருந்தது. இரத்தம் எடுத்தார்கள். கொஞ்சநேரத்துக்குப் பிறகு இன்னொரு முறை எடுப்போம் என்றார்கள்.

இளம் டொக்டர் ஒருவர் வந்தார். சிங்களப் பிள்ளை. பாடசாலையில் படித்த தமிழில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அங்கிள், என்ன மருந்து குடிக்கிறீர்கள்?"

மனைவி கசங்கிய கவரை எடுத்துக் கொடுத்தாள். டொக்டர் பார்த்தார், எழுதினார். "இது மட்டுமா?"

இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தேன். உயிர் போனாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. பிறகு கால்சட்டைப் பையில் கையை விட்டு, ரோஸ் தகட்டை எடுத்து நீட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வயரோடு கிடக்கிற மனுசனை ஒரு பெண் இப்படிப் பார்ப்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

டொக்டர் கவரையும் தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இரண்டும் ஒரே மருந்து, அங்கிள். கம்பனிதான் வேறு. முதல் கிழமையிலேயே இரண்டு மடங்கு எடுத்திருக்கிறீர்கள்." இரத்த அழுத்தம் சடுதியாக இறங்கும்போது இதயம் வேகமாக அடிக்கும், சிலருக்கு மருந்து தொடங்கும்போதே நெஞ்சில் இப்படி வரும் என்று விளக்கினார்.

"அப்ப இது மருந்தாலதான்?" என்று எழும்பப் பார்த்தேன்.

"படுங்கள். அதனால் மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை."

அன்றைக்கு என்னை விடவில்லை. வார்டில் வைத்திருந்தார்கள். அடுத்த நாள் காலையில் அவரே வந்து, இரண்டாவது இரத்தமும் சரி என்றார். வேறு மாத்திரை, ஒரே ஒரு மாத்திரை, எழுதினார். ஓடுகிற பட்டியில் நடக்க வைத்துப் பார்க்கிற ஒரு சோதனைக்குத் திகதி தந்தார். அதுவரை பாரம் தூக்கக்கூடாது, படியில் அவசரப்படக்கூடாது, மறுபடி வந்தால் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்கக்கூடாது.

"இப்போது மாரடைப்பு இல்லை" என்றார்.

"டொக்டர், அந்த 'இப்போது'வை மட்டும் கொஞ்சம் எடுத்துவிட ஏலாதா?"

முதல் தடவையாகச் சிரித்தார். "ஏலாது, அங்கிள்."

நானாதான் திருப்பியும் கொண்டுவந்தார். படியடியில் தலைவரும் மேசனும் நின்றார்கள். நூற்று நாற்பது படியையும் அண்ணாந்து பார்த்தேன். இருபத்தேழு வருடம் துணி அளந்த கண்ணுக்கு அது அன்றைக்குத்தான் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

மேசன் சங்க அறைப் பக்கம் கையைக் காட்டினார். "அண்ணே, சாவிய எடுங்க. ஒரு கதிரை வேணும்."

"சட்டப்படி சாவு வீட்டுக்குத்தான் கதிரை வெளிய போகும்" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். தலைவர் தொண்டையைச் செருமினார். "செயலாளர் அனுமதி தந்தால் சரி. திறவும்."

சாவியை மனைவியிடம் இருந்து வாங்கி நானே திறந்தேன். உள்ளே கதிரைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. மூலையில் வெள்ளைக்கொடிகள் மடித்துக் கிடந்தன. அவற்றைப் பார்க்காமல் மேலே இருந்த கதிரையை மேசனுக்குக் காட்டினேன். அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினார். இருபது படிக்கொரு தரம் கீழே வைப்பார். நான் உட்காருவேன். எழும்பினால் தூக்குவார்.

குழாயடியில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன். "ஒங்களுக்கு அன்னைக்கு எப்படி நடந்தது?"

"எனக்கா? கலவை போட்டுக்கிட்டு இருந்தேன். புடிச்சிச்சி. காஸுன்னுதான் நெனச்சேன்" என்றார். "எங்க வீட்டுக்காரி விடல்ல."

நான் எழும்பினேன். அவர் கதிரையைத் தூக்கினார்.

வீட்டில் கொப்பி மேசையிலேயே இருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் அழிறப்பரை எடுத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். மனைவி கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும். டெஸ்ட் முடியட்டும்."

"இத வச்சிக்கிட்டு எப்படி டெஸ்ட் வரைக்கும்…"

அவள் பேனையை எடுத்து, என் பென்சில் வரிக்குப் பக்கத்தில் எழுதினாள். அவளுடைய எழுத்து கொஞ்சம் சரிந்து போகும். "காஸ் என்று சொன்னார். பெண்டாட்டி நம்பவில்லை." எழுதிவிட்டுக் கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். சங்க அறைச் சாவி என்னிடம், கொப்பி அவளிடம் என்று இப்போது பொறுப்புப் பிரிந்திருக்கிறது.

சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. புது மாத்திரையை அவள்தான் எண்ணித் தருகிறாள், விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். காலையில் வேலைக்கு இறங்கும்போது மேசன் வீட்டைத் தாண்டுகிற நேரம், அவர் கலவைக் கரண்டியை உயர்த்திக் காட்டுவார். நானும் கையை உயர்த்துவேன். அந்தக் கை கீழே வரும்போது தானாகவே இரண்டாவது பொத்தானில் போய் நிற்கிறது. ஒன்றும் அழுத்தவில்லை. இருந்தாலும் எடுக்கப் பயமாக இருக்கிறது.